உடைந்த பானையில் நிமிர்ந்து நின்ற முளைப்பாரி

இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு முளைப்பாரி ஒன்றரைச் சாண் உயரம் வந்தது. சாயவில்லை, அழுகவில்லை, நடுவில் சொட்டையும் விழவில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பாரி பாதியிலேயே வாடை அடித்து, மிஞ்சின நாலு பயிரைப் பூவைச் சுற்றி மறைத்துத்தான் கோயிலுக்கு எடுத்துப் போனோம். இந்த முறை எதையெல்லாம் மாற்றினோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வீட்டில் பாரி போடுகிற மற்றவர்களுக்கும் பயன்படும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். எட்டாம் நாள் பொங்கல். மறுநாள் பாரி எடுத்து ஊருணியில் கரைப்பது வழக்கம். அத்தை (என் மாமியார்) கல்யாணமாகி வந்த காலத்தில் ஊருக்கே ஒரு பாரி வீடு இருந்ததாம். விரதம் இருக்கிற ஒரு பெரியம்மா எல்லார் வீட்டுப் பாரியையும் ஒரே இருட்டறையில் வைத்து வளர்த்துக் கொடுப்பாராம். இப்போது அவரவர் வீட்டில் அவரவர் போட்டுக்கொள்கிறோம். அந்தப் பெரியம்மாவின் கைப்பக்குவம் அவரோடு போய்விட்டது. எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது பாதிதான்.

போன வருஷம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் பேசின். கொல்லைக் கரிசல் மண். அடர்த்தியாக வரட்டும் என்று அரைக் கிலோ பயறு. காலை, மதியம், ராத்திரி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு செம்பு தண்ணீர். வெளிச்சம் படாமல் இருக்க மேலே தார்ப்பாய். நாலாம் நாள் அறைக் கதவைத் திறந்தால் புளித்த மாவு வாடை. பயறு மேலே முளைத்திருந்தது, அடியில் கூழாகிக் கிடந்தது.

பாரி அழுகினால் ஊரில் பேச்சு வரும். 'அந்த வீட்டில் என்ன குறையோ' என்பார்கள். விரதத்தில் தப்பு, சுத்தத்தில் தப்பு என்று கடைசியில் அது வீட்டுப் பெண்கள் தலையில்தான் வந்து விழும். அத்தை அந்த வருஷம் முழுக்க மனசுக்குள் வைத்து மருகினார். எனக்கு அதில் கோபம் உண்டு. நாங்கள் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. வடிகால் இல்லாத பாத்திரத்தில் ஒரு நாளைக்கு மூன்று செம்பு தண்ணீர் ஊற்றினால் எந்தப் பயறும் அழுகத்தான் செய்யும். அம்மன் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை ஒரு வருஷம் அழ வைப்பது பக்தியில் சேர்த்தி இல்லை. இந்த வருஷம் ஒவ்வொன்றையும் அளந்து செய்தே தீருவது என்று இறங்கியதற்கு அதுதான் காரணம்.

முதலில் பயறு. பாரிக்கு எங்கள் வீட்டில் தட்டாம்பயறுதான் பிரதானம், கூடக் கொஞ்சம் பாசிப்பயறு. நவதானியம் சாஸ்திரத்துக்கு ஒரு பிடி. கடைப் பயறு பளபளவென்று இருக்கும், ஆனால் எத்தனை வருஷத்துச் சரக்கு என்று தெரியாது. மாசிக் கடைசியில் கடைப் பயறில் இருபதும், அத்தையின் தம்பி தோட்டத்துப் பயறில் இருபதும் எண்ணி, தனித்தனி ஈரத்துணியில் முடிந்து வைத்தோம். எண்ணுகிற வேலை மகனுக்கு. மூன்றாம் நாள் காலையில் பிரித்துப் பார்த்தால் கடைப் பயறில் பதினொன்று முளைத்திருந்தது, தோட்டத்துப் பயறில் பதினெட்டு. முளைக்காத கடைப் பயறுகள் கொழகொழவென்று நூல் விட ஆரம்பித்திருந்தன. அந்த அழுகல்தான் பக்கத்துப் பயிருக்கும் தொற்றுகிறது. ஆக, போன வருஷம் பாதி தோல்வியைக் கடையிலேயே வாங்கி வந்திருக்கிறோம்.

அப்புறம் எரு. அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனோம். பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. குட்டிகளைக் குடாப்புக்குள் விட்டு மூடியிருந்தார்கள். மூங்கில் பின்னல் இடுக்கு வழியாக ஈர மூக்கை மட்டும் வெளியே நீட்டி அவை கத்துவதைப் பார்த்துவிட்டு மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கிடைக்காரர் ஒரு குட்டியை எடுத்து அவள் மடியில் விட்டார். நாங்கள் எரு அள்ளி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பரீட்சை நேரம்தான், இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

புழுக்கையில் பார்க்க வேண்டியது ஒன்று. கையில் எடுத்தால் கனமில்லாமல், நசுக்கினால் தூளாக உதிர வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சூடு கிளம்பி வேரைக் கருக்கிவிடும். நாங்கள் எடுத்ததை மொட்டை மாடியில் ஒரு வாரம் காயப்போட்டு, உலக்கையால் இடித்து, மணல் சலிக்கிற சல்லடையில் சலித்தோம். மண்ணுக்குக் கரிசலைத் தொடவே இல்லை. கரிசல் தண்ணீரைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் வெடிக்கும். பருத்திக்கு நல்லது, பாரிக்கு ஆகாது. நாற்றுப் பண்ணையில் ஒரு மூட்டை செம்மண் வாங்கினோம்.

அடுத்தது பானை. காப்புக் கட்டிவிட்டால் ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது, வீண் அலைச்சலும் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் காப்புக்கு முந்தின ஞாயிறே மானாமதுரைக்குக் கிளம்பினோம். பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே பானை கிடைக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு நடுவே ஒரு நாள் வெளிக்காற்று வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். சரி என்று புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டோம்.

போகிற வழியில் திருச்சுழி. திருமேனிநாதர், துணைமாலையம்மன். சுந்தரர் பாடிய தலம். ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊரும் இதுதான், அவர் பிறந்த வீடு கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தைக்குத் துணைமாலையம்மன் சன்னிதியில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. "போன வருஷம் மாதிரி விட்டுடாத தாயி" என்று அவர் வாய்விட்டே சொன்னது பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் ஒரு மரத்தடியில் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மானாமதுரை வைகைக் கரை ஊர். மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர் போனது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாய் அகலமான பானை இரண்டு கேட்டோம். விரலை மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேக்காடு போதாது, இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். இதைச் சொல்லிக் கொடுத்ததும் மகன் கடையில் இருந்த அத்தனை பானையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். வாய் 14 அங்குலம், ஒன்று 180 ரூபாய். வேகவைப்பதற்கு முன்னாலேயே சொல்லி வைத்தால் அடியில் ஓட்டை போட்டே தருவோம் என்றார் கடையில் இருந்த அம்மா. இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமாம்.

ஆக, ஓட்டை போடுகிற வேலை வீட்டுக்கு வந்தது. முதல் பானையைக் கவிழ்த்து, அடியில் ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத்தான் தட்டினார் வீட்டுக்காரர். மூன்றாவது தட்டில் அடிப்பாகம் விரிந்து, பானை இடுப்போடு கழன்று வந்துவிட்டது. மேல்பாதி மட்டும் வளையமாகக் கையில் நின்றது. எல்லாரும் அத்தை முகத்தைப் பார்த்தோம். காப்புக்கு முன்னால் பானை உடைந்தால் அபசகுனம் என்று சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் அந்த வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்துல ஓட்டுலதான பாரி போடுவாங்க. உடைஞ்ச பானை வாயத்தான் எடுப்பாங்க. அடி இருக்காது. நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

அந்தப் பெரியம்மா செய்த முறை அப்போதுதான் அத்தைக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அடியில்லாத பானை ஓடு மூங்கில் தட்டின் மேல் இருக்க வேண்டும். அடியில் சோளத்தட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, ஓட்டோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். அதன் மேல் வைக்கோல், அதற்கு மேல் எரு. தண்ணீர் தங்க இடமே கிடையாது, அடியிலிருந்து காற்றும் ஏறும்.

இரண்டாவது பானையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, டைல்ஸ் துளைக்கிற பிட்டை டிரில்லில் மாட்டி, ஹேமர் ஓட்டத்தை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் துளைத்தோம். கொஞ்சம் துளைத்ததும் பிட்டைத் தண்ணீரில் நனைத்து, திரும்பத் துளைத்து, அரை அங்குல ஓட்டை ஐந்து போட்டோம். பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டில் ஒன்று, ஓட்டை போட்ட பானையில் ஒன்று என்று இரண்டிலும் பாரி போட்டுப் பார்த்தால் எது தேவலை என்று தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் அளவு ஒன்றே: ஓர் அங்குலம் வைக்கோல், அதன் மேல் புழுக்கைத்தூள் இரண்டு படி, செம்மண் ஒரு படி, அடுப்புச் சாம்பல் இரண்டு கை கலந்த கலவை. பரப்பினால் கிட்டத்தட்ட இரண்டு அங்குலக் கனம். தட்டாம்பயறு 200 கிராம், பாசிப்பயறு 50 கிராம். பயறு ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரே அடுக்காக உட்கார இந்த அளவு போதும். இரண்டாம் அடுக்கு ஏறினாலே கீழ் அடுக்கு மூச்சுத் திணறும்.

பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்தோம். பங்குனி வெக்கையில் தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், அதனால் நடுவில் ஒரு தடவை மாற்றினோம். பிறகு வடித்துத் துணியில் கட்டி வைத்து, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் காப்புக் கட்டிய அன்று ராத்திரி குலவை போட்டுப் பரப்பினோம். மேலே அரை அங்குலத்துக்குச் சலித்த எருத்தூள். பூஜை அறையை ஒட்டிய சாமான் அறையைக் கழுவி, சன்னலுக்குச் சாக்கு கட்டி, நிலைப்படியில் வேப்பிலை செருகி அதைப் பாரி அறை ஆக்கினோம். குளித்துவிட்டு அத்தையும் நானும் மட்டும் உள்ளே போவது. மகள் வாசலில் விளக்கேற்றுவாள். மகன் டம்ளரில் தண்ணீர் அளந்து கொடுப்பான்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு வேளைக்கு 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பயிர் ஒரு சாண் ஏறின பிறகு வேளைக்கு ஒன்றரை டம்ளர். ஊற்றவே கூடாது, வேப்பங்கொத்தால் தெளிக்க வேண்டும். தெளிப்பதற்கு முன் ஓரத்தில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்ப்பேன். விரல் நனைந்து வந்தால் அந்த வேளைக்கு வெறும் கும்பிடு மட்டும்தான். அத்தைக்கு இதில் மனசு ஒப்பவில்லை. வெக்கை நேரத்தில் அம்மனைத் தாகமாக வைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பானகமும் நீர்மோரும் தனியாக நைவேத்தியம் வைத்துவிடலாம் அத்தை, பயிருக்கு இவ்வளவு போதும் என்றேன். அன்றிலிருந்து தினமும் வெல்லம் கரைத்துச் சுக்குத் தட்டிப் போட்ட பானகம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாம் நாள் பயறு தலையில் எருவைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அன்றைக்கே ஓட்டை போட்ட பானையில் வலது ஓரமாக வெள்ளைப் பூஞ்சை, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு. சன்னல் சாக்கையும் மீறி வெளிச்சம் வருகிறதே என்று அந்தப் பானைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டிருந்தோம். தாளுக்கு அடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக அந்த ஓரத்தில்தான் விழுந்திருக்கிறது. தாளை எடுத்தோம். பூஞ்சை பிடித்த இடத்தைக் கரண்டியால் தோண்டி எடுத்து, குழியில் சாம்பலும் மஞ்சள்தூளும் போட்டு, அந்தப் பக்கம் ஒரு நாள் தண்ணீர் காட்டவில்லை. ராத்திரியில் சன்னல் சாக்கைக் கழற்றிக் காற்று விட்டு, விடிவதற்குள் மாட்டினோம். பூஞ்சை அதற்கு மேல் பரவவில்லை, ஆனால் தோண்டின இடம் கடைசிவரை பள்ளமாகவே இருந்தது.

ஓட்டுப் பாரியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு ராத்திரி எலி வந்து ஓரத்துப் பயிரைக் கத்தரித்துவிட்டது. எலி மருந்து வைக்க யாருக்கும் மனசில்லை, விரத நேரம். பக்கத்து வீட்டில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் இரண்டு இருந்தது. கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாரிக்கு ஒன்றாகக் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கு போட்டு, உச்சியில் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தோம். எலி தொல்லை தீர்ந்தது. சாக்கு வழியாகக் காற்றும் போனது, இருட்டும் கிடைத்தது. இனி எந்த வருஷமும் முதல் நாளிலிருந்தே பஞ்சாரம்தான்.

சாயங்காலம் தெருவில் வேப்பங்கொப்பை நட்டு அதைச் சுற்றிக் கும்மி. மகள் ஏழு மணிவரை சமூக அறிவியல் படித்துவிட்டுத் தாவணியைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள். கைதட்டு மூன்று வகை. குனிந்து தட்டும்போது கால் மாறாமல் இருக்க வீட்டு வாசலிலேயே அத்தை பழக்கிவிட்டார், அடுப்பில் தோசை கருகுவதையும் கவனிக்காமல். அந்த வாரம் முழுக்க வீட்டில் டிவி ஓடவில்லை. ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஒரு சாண் தாண்டியதும் பயிருக்குப் பிடிமானம் வேண்டும். 15 அங்குல நீளத்துக்கு நறுக்கின சோளத்தட்டையை ஓட்டின் உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் நட்டு, நனைத்த வாழைநாரால் இரண்டு கட்டு கட்டினோம். ஒன்று விளிம்புக்கு மேல் நாலு விரல், மற்றது அதற்கு மேல் ஒரு சாண். நார் இறுகினால் தண்டு நசுங்கும். சுண்டுவிரல் நுழைகிற அளவு இளக்கம் இருக்க வேண்டும்.

எட்டாம் நாள் அளந்தால் ஓட்டுப் பாரி 14 அங்குலம், ஓட்டை போட்ட பானைப் பாரி 10 அங்குலம். பானையில் நடுப்பயிர் கொஞ்சம் துவண்டிருந்தது. அடியைத் தொட்டுப் பார்த்தால் ஐந்து ஓட்டையில் இரண்டை வைக்கோல் அடைத்திருந்தது. ஓட்டுப் பாரி இளமஞ்சளாக, நுனியில் இரண்டிரண்டு இலை மடங்கினபடி, ஒரே சீராக நின்றது. பஞ்சாரத்தைத் தூக்கினதும் அத்தை ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து கும்பிட்டார்.

பொங்கல் அன்றைக்கு மாவிளக்கு, மறுநாள் பாரி. செவ்வந்திச் சரம் சுற்றி, சும்மாடு வைத்து ஓட்டுப் பாரியை நான் தூக்கினேன். எடை ஒன்பது கிலோ. கோயிலுக்குப் போவதற்குள் கழுத்து இறுகிவிட்டது, ஆனால் இறக்க மனசு வரவில்லை. சின்னதை மகளுக்குக் கொடுத்தோம். பாதி வழியில் அவளால் முடியாமல் அத்தை வாங்கிக்கொண்டார். ஊருணியில் முட்டளவு தண்ணீர் கிடந்தது. கரைத்துவிட்டு பானை ஓடு, மூங்கில் தட்டு இரண்டையும் கழுவி எடுத்து வந்தோம்.

செலவு: பானை இரண்டு 360, தட்டாம்பயறு அரைக் கிலோ 70, பாசிப்பயறு 15, செம்மண் 60, மூங்கில் தட்டு 120, டிரில் பிட் 90, சாக்கு 50, நார் 20, பூ 150. மொத்தம் 935 ரூபாய், பெட்ரோல் தனி. அடுத்த வருஷம் ஓடு, தட்டு, சாக்கு எல்லாம் கையில் இருப்பதால் முந்நூறுக்குள் முடிந்துவிடும். தோட்டத்துப் பயறுக்கு அத்தையின் தம்பி காசு வேண்டாம் என்றார். அத்தை கேட்கவில்லை, விதைக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று கையில் திணித்தார்.

அடுத்த முறை மகளுக்கு 10 அங்குல வாயில் ஒரு சின்ன ஓடு, அவள் தலைக்கு நாலு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஓட்டை போட்ட அந்தப் பானையை உடைக்க மாட்டோம், துளசி வைத்தாயிற்று. ஓட்டுக்கு விரிந்த பழைய பானையே போதும். சந்தைப்பேட்டையில் கேட்டால் இருபது, முப்பது ரூபாய்க்குத் தருவார்கள். சோளத்தட்டையை நடுவதற்கு முன் ஒரு நாள் நன்றாக வெயிலில் போட வேண்டும், இந்த முறை இரண்டில் எறும்பு இருந்தது. பயறைக் கடையிலும் வாங்குவதில்லை, யாரிடமும் கேட்பதும் இல்லை என்று அத்தை முடிவு செய்துவிட்டார். புரட்டாசி மழை விழுந்ததும் கொல்லையில் இரண்டு பாத்தி தட்டாம்பயறு போடுவது, மார்கழியில் நெற்றெடுத்துச் சாம்பல் கலந்து அடுக்குப்பானையில் வைப்பது. பாத்தி கட்டுவது மகன் வேலை என்று இப்போதே சொல்லியாயிற்று.